வேலையை விடாமல் ஊழியப் பயிற்சி: எந்த வழி யாருக்கு?

ஞாயிறு காலை இரண்டாம் மணி அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் குருவானவரை ஐயர் என்போம்; பல சபைகள் சேர்ந்த சேகரத்தில் அவர் அன்று வேறொரு சபையில் திருவிருந்து நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் கிராமச் சபைக்கு அவர் வருவது மாதத்தில் ஒரு ஞாயிறுதான். சபை ஊழியருக்குக் கடும் காய்ச்சல். ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை ஆராதனைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியன். பேசத் தெரியும் என்ற ஒரே காரணம்தான்.

லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் இளைய மகன் உவமையை எடுத்துக்கொண்டேன். ஒரு மாத இதழில் படித்த பிரசங்கத்தை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் செருப்பைக்கூட மாட்டாமல் படிக்கட்டிலேயே நின்றார். அவருடைய மகன் சண்டையிட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு போன்கூட இல்லை. "அந்தத் தகப்பன் வீட்டிலேயே காத்திருந்தார் என்று சொன்னீர்கள். அப்படியானால் நான் என் பிள்ளையைத் தேடிப் போகக் கூடாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஜெபிப்போம் அம்மா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கே, எப்படிப் படிக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினேன். இப்போது என்னிடம் அதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். அண்மையில் வந்த மூவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒருவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இன்னொருவர் இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், ஞாயிறு சிறுவர் வகுப்பான ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியை. மூன்றாமவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூவருக்கும் குருவானவராகும் எண்ணம் இல்லை. குருவானவராக விரும்புகிறவர்கள் இந்தக் கட்டுரையை விட்டுவிட்டுத் தங்கள் பேராயரிடம் பேசுவதே சரி. அது பட்டப் படிப்பும், பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் தேர்வும் சேர்ந்த வேறு பாதை.

## எதை வைத்து அளப்பது

கட்டணத்தை முதலில் கேட்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதல் கேள்வி: படித்து முடித்தபின் எந்த வேலையைச் செய்யப்போகிறீர்கள்? பிரசங்கமா, சிறுவர் வகுப்பா, சுகவீனரைச் சந்திப்பதா, துக்க வீட்டில் ஜெபம் நடத்துவதா, வீட்டு ஜெபக் கூட்டத்தை வழிநடத்துவதா? ஊழியம் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு சேர்ந்தால், எபிரெய எழுத்துகளைக் கற்றுக்கொண்டு வந்து, மருத்துவமனைப் படுக்கையின் அருகே என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்போம்.

இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. முடித்தபின் உங்களை அந்த வேலையைச் செய்ய விடுகிறவர் யார்? பயிற்சி வேறு, அனுமதி வேறு. தென்னிந்தியத் திருச்சபையில் பிரசங்க பீடத்தில் யார் நிற்கலாம் என்பதைச் சேகர குருவானவரும் அவருக்கு மேல் பேராயரும்தான் முடிவு செய்கிறார்கள். எந்தப் படிப்பு படித்தாலும் திருவிருந்தைப் பரிசுத்தம் செய்யும் உரிமை சபையாருக்குக் கிடையாது. மூன்று சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துவிட்டு, ஒரு வேதபாடம் வாசிக்கக்கூட அழைப்பு வராமல் மனம் நொந்துபோன நண்பர் எனக்கு உண்டு. சேருவதற்கு முன்பே ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நோவு இல்லை.

மூன்றாவது, கூட இருப்பவர். உங்கள் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, இது தவறு, இது நன்றாக வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இருக்கிறாரா? நான்காவது, மொழி. தமிழில் ஜெபித்துத் தமிழில் ஆறுதல் சொல்லப்போகிறவர் ஆங்கிலத்தில் மட்டும் படித்தால், ஒவ்வொரு பாடத்தையும் இரண்டாவது முறை தமிழில் யோசித்தாக வேண்டும். அந்த இரண்டாம் உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதன் பிறகுதான் நேரமும் பணமும்.

## வாரக் குழுவோடு படிக்கும் நீட்டிப்புக் கல்வி

நான் தேர்ந்தெடுத்த வழி இது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இது 1963-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில், ஒரு பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் தொடங்கியது. தலைநகரில் படித்த இளைஞர்கள் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமத்தில் சபையை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்களோ நிலமும் குடும்பமும் உள்ளவர்கள். அவர்களால் தலைநகருக்குப் போய்த் தங்கிப் படிக்க முடியவில்லை. எனவே கல்லூரியே அவர்களிடம் போயிற்று. ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் இதற்கு உருக்கொடுத்தவர்கள். எங்கள் சேகரத்தின் நிலையும் இதுதானே என்று அந்த வரலாற்றைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். இந்தியாவில் இந்த முறைக்காகவே 1971-இல் தொடங்கப்பட்டு, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குவது டாஃப்டி அமைப்பு.

முறை எளிது. வாரம் முழுவதும் வீட்டில் பாடநூலைப் படிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் குழுவாகக் கூடிப் பேச வேண்டும். படித்ததைச் சபையில் செய்து பார்க்க வேண்டும். டெட் வார்ட் என்ற கல்வியாளர் இதற்கு மரவேலியை உவமை சொன்னார்: படிப்பு ஒரு குறுக்குக் கட்டை, களப்பணி இன்னொரு குறுக்குக் கட்டை, இரண்டையும் தாங்கி நிற்கும் கம்பங்கள்தாம் வாரக் கூட்டங்கள். கம்பம் இல்லையென்றால் இரண்டு கட்டையும் தரையில் கிடக்கும்.

எங்கள் குழுவில் ஏழு பேர். வியாழன் இரவு ஏழரை மணிக்கு ஜெபவீட்டில் பாய் விரித்து உட்காருவோம். பாடநூல் சிறு சிறு பத்திகளாக இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் பிறகு ஒரு கேள்வி, கோடிட்ட இடம், சற்றுத் தள்ளி விடை. விடையைப் பார்த்து நிரப்பிவிட்டு வருவது மிகச் சுலபம். ஆனால் வழிநடத்துநர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டுக் கேட்பார். அப்போது தெரிந்துவிடும் யார் படித்தது, யார் பார்த்து எழுதியது என்று.

ஒரு வியாழன் அன்று அந்தத் தாயின் கேள்வியைக் குழுவில் வைத்தேன். வழிநடத்துநர் பதில் சொல்லவில்லை. அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். மேய்ப்பன் தொலைந்த ஆட்டைத் தேடிப் போகிறான். அந்தப் பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடுகிறாள். அதன் பிறகுதான் காத்திருக்கும் தகப்பன் வருகிறார்; அவரும் மகன் தூரத்தில் தெரிந்தவுடன் ஓடுகிறார். நான் அதிகாரத்தின் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, காத்திருப்பதே கட்டளை என்பதுபோல் பேசியிருந்தேன். அடுத்த நாளே அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், தேடிப் போகலாம் அம்மா, வேதத்தில் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். திருப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் போன் எண்ணையும் வாங்கிக் கொடுத்தேன்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். பணம் அதிகம் ஆகாது. நூல்களின் விலை, பஸ், டீ. வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரப் படிப்பு, வாரக் கூட்டம் என்று சேர்த்தால் வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் போகும்; அது குடும்பத்தின் நேரத்திலிருந்துதான் போகும். மனைவியிடமோ கணவரிடமோ பேசாமல் தொடங்காதீர்கள். அடுத்தது, எல்லாமே வழிநடத்துநரைப் பொறுத்தது. அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டால் அது குழு அல்ல, இன்னொரு கூட்டம். குழு கலைந்தால் படிப்பும் நின்றுவிடும்.

## செராம்பூர் செனட்டின் வெளிநிலைப் படிப்பு

கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818-இல் வங்காளத்தின் செராம்பூரில் தொடங்கிய கல்லூரி இது. 1827-இல் டென்மார்க் அரசர் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். 1918-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அதன் செனட், பல இறையியல் கல்லூரிகளை இணைத்து நடத்துகிறது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளாகத்துக்கு வர முடியாதவர்களுக்கு இந்த செனட் வெளிநிலையில் டிப்ளமோ அளவிலான கிறிஸ்தவக் கல்வியும் நடத்துகிறது.

இதன் பலம் தரம். பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழை எல்லாச் சபைகளிலும் மதிப்பார்கள். வேத நூல்களோடு சபை வரலாறு, பிற சமயங்கள், சமூகம் என்று பரப்பும் விரிவு. பழைய ஏற்பாட்டை ஒருவர் விமர்சன முறையில் அணுகுவதை முதன்முறை படிக்கும்போது சிலருக்கு விசுவாசமே ஆடுகிறது. அது கெட்டதல்ல, ஆனால் அந்த நேரத்தில் தோளில் கைவைக்க ஆள் வேண்டும். தனியாகப் படிக்கிறவருக்கு அந்த ஆள் இல்லை. இதுவே இதன் பெரிய மறைமுகச் செலவு. தேர்வு மையத்துக்குப் போகும் நாட்களுக்கு விடுப்பு எடுப்பதும் உண்டு.

படிப்பில் பழக்கம் விட்டுப்போகாதவர்களுக்கு, கட்டுரை எழுத அஞ்சாதவர்களுக்கு இது பொருத்தம். எந்த மொழியில் பாடமும் தேர்வும் கிடைக்கும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

## திருமண்டலம் நடத்தும் பயிற்சி

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் திருமண்டலம் என்போம். வேறு இடங்களில் பேராயம் என்பார்கள். வார இறுதி வகுப்புகள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் பயிற்சி, சபையார் பிரசங்கிகளுக்கான முகாம் என்று இவை நடக்கின்றன.

அனுமதியைப் பொறுத்தவரை இதற்கு இணை வேறில்லை. பயிற்சி அளிப்பவரும் அனுமதி அளிப்பவரும் ஒருவரே. ஆராதனை ஒழுங்கு, திருச்சபை நாட்காட்டி, எந்த ஞாயிறுக்கு எந்த வேதபாடம் என்ற நடைமுறை அறிவு இங்கேதான் கிடைக்கும். ஆழம் குறைவு. இரண்டு நாள் முகாமில் ரோமர் நிருபத்தை முடித்துவிட முடியாது. சபைத் தேர்தல் நெருங்கும் ஆண்டுகளில் யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதே சேகரக் கமிட்டியில் வழக்காகிவிடுவதும் உண்டு. அதில் உங்கள் பெயர் அடிபட்டால் மனம் தளர வேண்டாம், அடுத்த முகாமுக்குக் கேளுங்கள்.

## தங்கிப் படிக்கும் குறுகியகாலப் பள்ளி

மூன்று மாதம், ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று தங்கிப் படிக்கும் வேதாகமப் பள்ளிகள் நிறைய. எடுத்துக்காட்டாக யூத் வித் எ மிஷன் இயக்கத்தின் சீஷத்துவப் பயிற்சிப் பள்ளி ஏறத்தாழ ஐந்தாறு மாதம். முதல் மூன்று மாதம் வகுப்பு, மீதி களப்பயணம். அதிகாலை ஜெபம், கூட்டு வேலை, ஒரே பந்தியில் உணவு என்று அங்கே உருவாகும் பழக்கங்களை வீட்டிலிருந்து உருவாக்குவது கடினம். இருபது வயதில், வேலையில் சேர்வதற்கு முன் ஒருவர் கேட்டால், தயங்காமல் போ என்பேன்.

நாற்பது வயதில் கேட்டால் தயங்குவேன். கட்டணத்தைவிட இழக்கும் சம்பளம் பெரிது. விடுப்பு கிடைக்காமல் வேலையை விட்டவர்கள் திரும்பியபின் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, வேறு சபைப் பிரிவினர் நடத்தும் பள்ளியில் படித்து வந்தால் ஞானஸ்நானம், அந்நிய பாஷையில் ஜெபிப்பது போன்றவற்றில் உங்கள் சபையோடு உரசல் வரலாம். போவதற்கு முன் அந்தப் பள்ளியின் விசுவாச அறிக்கையை வாங்கி ஐயரோடு சேர்ந்து படித்துவிடுங்கள்.

## இணையவழி வகுப்புகள்

நேரத்துக்கு இதுவே மிக இணக்கம். இரவுப் பணி முடித்து வந்தவரும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது படிப்பாகிவிடாது. நேரலையாக, கேள்வி கேட்க இடம் தந்து, எழுத வைத்துத் திருத்தித் தருகிற வகுப்பாக இருந்தால் சேருங்கள். வெறும் காணொலித் தொகுப்பாக இருந்தால் அதை வேறொரு படிப்புக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் டாக்டர் பட்டம் என்று விளம்பரம் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். அந்தப் பட்டம் எந்த நோயாளியின் அருகிலும் உங்களுக்குத் துணைவராது. சபையார் முன் பொய்யாக நிற்கவும் வைத்துவிடும்.

## ஐயரோடு நடந்து கற்பது

இதற்குப் பாடத்திட்டம் கிடையாது. ஆனால் நம் மண்ணில் ஊழியம் வளர்ந்த வழியே இதுதான். 1733-இல் தரங்கம்பாடி மிஷனில் முதல் தமிழ்க் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆரோன், அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக ஊர் ஊராகப் போனவர். பாளையங்கோட்டையில் 1785-இல் ஆலயம் கட்டிய குளோரிந்தா அம்மையார் எந்தப் பள்ளியிலும் படித்துச் சபையை நடத்தவில்லை.

எங்கள் முந்தைய ஐயரோடு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போனேன். பக்கவாதம் வந்து பேச்சு இழந்த முதியவர். ஐயர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு 23-ஆம் சங்கீதத்தை மிக மெதுவாகச் சொல்லத் தொடங்கினார், பழைய மொழிபெயர்ப்பில், முதியவர் சிறுவயதில் மனப்பாடம் செய்திருக்கக்கூடிய அதே சொற்களில். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற இடத்தில் முதியவரின் உதடுகள் அசைந்தன. பஸ்சில் திரும்பும்போது ஐயர் சொன்னது ஒன்றுதான்: புதிய மொழிபெயர்ப்பில் சொல்லியிருந்தால் அவரால் கூட வர முடிந்திருக்காது. அந்த ஒரு மாலையில் கற்றதை எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை.

இதன் குறை, ஐயர் மாற்றலாகிப் போவது. நான்கைந்து ஆண்டு உழைத்து அவருடைய நம்பிக்கையைப் பெற்றிருப்பீர்கள். புதிதாக வருகிறவருக்கு உங்களைத் தெரியாது, கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது. கற்பிப்பவரின் பலவீனங்களும் நம்மிடம் ஒட்டிக்கொள்ளும்.

## ஒரு பார்வையில்

| வழி | நேரம் | திருத்த ஆள் | முடித்தபின் கையில் இருப்பது | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| வாரக் குழு | வாரம் 6, 7 மணி | உண்டு | சான்றிதழ், பழகிய குழு | குடும்ப நேரம், வழிநடத்துநரின் தரம் |
| செராம்பூர் வெளிநிலை | தன் வசதிப்படி. தேர்வு நாட்கள் தவிர | மிகக் குறைவு | எங்கும் மதிக்கப்படும் டிப்ளமோ | தனிமை, விடுப்பு |
| திருமண்டலப் பயிற்சி | சில வார இறுதிகள் | ஓரளவு | சபையின் அனுமதி | ஆழக் குறைவு, இடம் கிடைப்பது |
| தங்கிப் படிப்பு | மாதக்கணக்கில் முழு நேரம் | உண்டு | உருவான பழக்கங்கள் | இழந்த சம்பளம், உபதேச உரசல் |
| இணையவழி | எப்போது வேண்டுமானாலும் | வகுப்பைப் பொறுத்தது | அறிவு | பாதியில் நிற்பது |
| ஐயரோடு கற்பது | வாரம் ஓரிரு மாலைகள் | முழுமையாக உண்டு | அனுபவம், அவர் நம்பிக்கை | மாற்றல் |

## கத்தோலிக்க வாசகர்களுக்கு

உங்கள் சூழல் வேறு. 2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியைத் திருச்சபையின் ஏற்படுத்தப்பட்ட திருப்பணிகளுள் ஒன்றாக அறிவித்தார். அதே ஆண்டு ஜனவரியில், வழிபாட்டில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்துணைவர் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. மறைக்கல்வி, விவிலியம், திருவழிபாடு ஆகியவற்றுக்காகவே திண்டிவனத்தில் தமிழகத் திருச்சபைக்கு ஒரு நடுநிலையம் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் பேசிவிட்டு அங்கிருந்தே விசாரிக்கத் தொடங்கலாம். பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தை வழிநடத்துகிறவருக்கு, மேலே வாரக் குழுவைப் பற்றிச் சொன்ன அத்தனையும் பொருந்தும்.

## அந்த மூவருக்கும் சொன்னது

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிக்குச் செராம்பூர் வெளிநிலைப் படிப்பைச் சொன்னேன். நேரம் இருக்கிறது, எழுதிப் பழகியவர். ஆனால் ஒரு நிபந்தனையோடு: மாதம் இரண்டு மாலை ஐயரோடு வீடு சந்திக்கப் போக வேண்டும். இல்லையென்றால் சபைக்குள் ஒரு அறிஞர் கிடைப்பார், ஒரு ஊழியர் கிடைக்கமாட்டார்.

நூற்பாலைத் தம்பிக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எந்த நிலையான கிழமையும் அவருக்கு ஒத்துவராது. இணையவழிதான் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நான் தடுத்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் ஒன்றரை மணி நேரம் கூடும் குழுவைக் கண்டுபிடித்தோம். இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் வரமாட்டார், பாடத்தை எழுதி அனுப்பிவிடுவார். வழிநடத்துநர் சம்மதித்துவிட்டார்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்குத்தான் அதிகம் யோசித்தேன். மாலை நேரம் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு, இரவுக் கூட்டத்துக்குத் தனியாக வந்து திரும்ப முடியாது, தங்கிப் படிப்பது நினைத்தும் பார்க்க முடியாது. அவருக்குச் சிறுவர் வகுப்புக்கான திருமண்டலப் பயிற்சி போதும் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. சிறுவர்களுக்குச் சொல்வதற்கு நான் முதலில் முழு வேதாகமத்தையும் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. எங்கள் வழிநடத்துநரிடமே வழிநடத்தும் முறையை இரண்டு சனிக்கிழமை கற்றுக்கொண்டார். ஐயரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அறிவித்தார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரக் குழு. பாடநூலில் ஐந்து பிரதி வாங்கியிருக்கிறார். இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; முதலில் பெயர் கொடுத்தவர், அன்று படிக்கட்டில் நின்ற அந்தத் தாய்.